திங்கட்கிழமை டாக்டர்

"டிக்கெட் எடுத்துட்டுப் போங்க மேடம்" என்று கவுண்டரில் இருந்த பெண் குரல் கொடுத்தபோது, பல் டாக்டர் ஏற்கெனவே அந்தப் பழைய மாளிகையின் முன்படிக்கட்டில் மூன்றாவது படியில் நின்றிருந்தாள். மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகக் கார் ஓட்டி வந்தவளுக்கு முதலில் அது காதிலேயே விழவில்லை. அந்தப் பெண் ஓடி வந்து சிவப்புக் கயிற்றைக் குறுக்கே மாட்டிய பிறகுதான் நின்றாள்.

"நான் சுத்திப் பார்க்க வரல. எங்கப்பா மேல குடியிருக்கார்."

"குடியிருக்கிறவங்களுக்குப் பின்வாசல் மேடம். இந்தப் படி பார்வையாளர்களுக்கு மட்டும்தான். போர்டு இருக்கு பாருங்க."

"என்னம்மா பேசறீங்க? நான் மூணு தடவை வந்திருக்கேன். மூணு தடவையும் இந்தப் படியிலதான் ஏறினேன். அப்பாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார்."

அந்தப் பெண் கையிலிருந்த டிக்கெட் கட்டை மெதுவாகத் தாழ்த்தினாள். "லிஃப்ட் ஐயாவோட பொண்ணா? நீங்கதான் திங்கட்கிழமை டாக்டரா?"

இதென்ன பெயர், யார் வைத்த பெயர் என்று பல் டாக்டருக்கு விளங்கவில்லை. கேட்கவும் தெம்பில்லை. பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றது.

"தெரியாம தடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. காலையில விஷயம் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பக்கமா விட்டேன்னா மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். வீட்டைச் சுத்திப் போனா ஒரு பச்சைக் கதவு வரும். அங்கதான் கார் நிறுத்தவும் இடம் இருக்கு" என்றாள் அந்தப் பெண், கயிற்றை விடாமலே.

செத்துப் போனவரின் மகளுக்கும் பின்வாசல்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல் டாக்டர் லேசில் அடங்குகிற ஆள் இல்லை. இருபது வருஷமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடமே பேசிப் பழகியவள். அவள் பேசுவாள், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிக் காருக்குப் போனாள்.

வீடு முன்பக்கம் பார்த்தால் அரண்மனை. இருநூறு வருஷத்துக் கல்தூண்கள், வாசலில் இரண்டு கற்சிங்கங்கள், இரண்டாகப் பிரிந்து ஏறும் பளிங்குப் படிக்கட்டு. கட்டிய பரம்பரை எப்போதோ அற்றுப்போக, ஒரு அறக்கட்டளை வீட்டைப் பார்த்துக்கொண்டது. முன் கூடங்களைக் காட்டிச் சம்பாதித்தது. பின்கட்டில், அந்தக் காலத்து வேலைக்காரர்கள் இருந்த அறைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டில், மேசை, அலமாரியோடு வாடகைக்கு விட்டது. பல் டாக்டர் பதினாலு மாதத்துக்கு முன்பு கம்ப்யூட்டரில் பார்த்தது முன்பக்கத்துப் படத்தை. ஒப்பந்தத்தில் முப்பத்திரண்டு நிபந்தனைகள் இருந்தன. படித்துப் பார்க்காமல் முப்பத்திரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டாள்.

"பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போங்கப்பா. மத்ததெல்லாம் அங்கயே இருக்கு. ராஜா மாதிரி இருக்கலாம்" என்றாள் அப்பாவிடம். அம்மா போன பிறகு அவர் தனியாக இருந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கிளினிக்குக்கு மேலே மூன்றே அறை, அதில் நாலு பேர் என்று காரணம் தயாராக இருந்தது. அவர் கேட்கவே இல்லை என்பதால் அந்தக் காரணம் செலவாகாமலேயே கிடந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்த மாளிகை.

பச்சைக் கதவுக்குள் படிகள் சுழன்று சுழன்று ஏறின. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்கள் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. இருபதாவது படியில் மூச்சு வாங்கியது. நாற்பதாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கதி என்றால் எழுபத்தாறு வயதில்? எழுபத்திரண்டு படிகள். எண்ணாமல் இருந்திருக்கலாம், ஆனால் எண்ணிவிட்டாள்.

அறையில் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். பெரிய மனிதர்களுக்காகச் செய்த கட்டில். அதில் அவர் சின்னதாகத் தெரிந்தார். கட்டில் கால், மேசை, ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரு பித்தளை வில்லையில் எண் அடித்திருந்தது. எண் இல்லாதது அந்த அறையில் அவர் ஒருவர்தான். அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தையல்காரி. காலையில் போன் செய்ததும் அவள்தான்.

பல் டாக்டர் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். ஆயிரம் கன்னங்களைத் தொட்ட கைதான். ஆனாலும் அந்தக் குளிர்ச்சி தோள் வரை ஏறியது. "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரி தடுக்கவில்லை. அழுது ஓயும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"எங்க வெச்சு?" என்று கேட்டாள் பல் டாக்டர் கடைசியில்.

"படியிலதாம்மா. பால் வாங்கிட்டு ஏறி வந்தார். ரெண்டாவது வளைவுல ஒரு ஜன்னல் இருக்குல்ல, அங்க உக்கார்ந்து யார்கூடவாவது ரெண்டு வார்த்தை பேசாம மேல வரமாட்டார். இன்னைக்கும் உக்கார்ந்தார். கொஞ்சம் தண்ணி கொடும்மான்னார். நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." தையல்காரி டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். "டாக்டர் வந்து பார்த்துட்டு, ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காதுன்னார். கஷ்டப்படலை. நாங்க நாலு பேர் போர்வையில வெச்சுத் தூக்கிட்டு வந்து இங்க படுக்க வெச்சோம்."

"தினமும் அந்தப் படியிலயா ஏறி இறங்கினார்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மூணு தடவை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நான் வந்தப்போ எல்லாம் முன்படியில..."

"திங்கட்கிழமை வீட்டுக்கு விடுமுறைம்மா. பார்க்க யாரும் வரமாட்டாங்க. நீங்க வர்றீங்கன்னா ஐயா ஒரு வாரம் முன்னாடியே மேனேஜர்கிட்டப் போய் நிப்பார். எம் பொண்ணு வர்றா, முன்வாசலைத் திறந்து விடுங்க, அந்தக் கூடத்துக் கதவுச் சாவியையும் கொடுங்கன்னு. மனுஷன் ஒத்தக் கால்ல நின்னு வாங்கிட்டு வருவார். அதான் இங்க எல்லாரும் உங்களைத் திங்கட்கிழமை டாக்டர்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பல் டாக்டர் தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு. ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று. "வேண்டாம்டா டாக்டரம்மா, திங்கட்கிழமை வா. ஞாயிறு இங்க சந்தைக்கடை" என்பார். திங்கட்கிழமைதான் அவளால் அசையவே முடியாத நாள். இரண்டு நாள் பல்வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாம் அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அப்பாவுக்கு இங்கே சீட்டாட்டம், கூட்டாளிகள், நம் தொந்தரவு வேண்டாம் போலிருக்கிறது என்று ஒரு கட்டத்தில் அவளே முடிவு கட்டிக்கொண்டாள். கொஞ்சம் கோபம்கூட. பதினாலு மாதத்தில் அறுபது ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கும். அவள் வந்தது மூன்று திங்கட்கிழமை.

ஏன் மறைத்தார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரியும். நாற்பத்தோரு வருஷம் பதினெட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். தன் பதினோரு வயதில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் அந்தக் கட்டடத்தின் கண்ணாடி வாசலில் நுழைந்தாள். காவல்காரன் தோளைப் பிடித்துத் திருப்பி, "தூக்குச்சட்டி எல்லாம் பின்னால போ" என்றான். அப்பா சிரித்துக்கொண்டே வந்து, சரக்கு ஏற்றும் லிஃப்டில் அவளைக் கூட்டிப் போனார். ராத்திரி அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒரு நாள் உங்களை முன்வாசல் வழியாகத்தான் போக வைப்பேன் என்று அவரிடம் சபதம் வேறு செய்தாள். அவர் மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அமரர் வண்டி வந்தது. அவள் ஊருக்குக் கொண்டுபோய் அங்கேதான் எல்லாம் செய்வதாக ஏற்பாடு. வண்டியை முன்பக்கத்து மரத்தடியில் விட்டுவிட்டு இரண்டு ஆட்கள் மட்டும் பின்படியில் ஏறி வந்தார்கள். வந்ததும் வராததுமாக மூத்தவர் தலையை ஆட்டினார்.

"ஸ்ட்ரெச்சர் இந்த வளைவுல திரும்பாதும்மா. நாற்காலியில உக்கார வெச்சு, பெல்ட் போட்டுக் கட்டித்தான் இறக்கணும்."

"என்னது?"

"பழைய வீட்டுல எல்லாம் அப்படித்தான் செய்வோம். முகத்தை மூடிடுவோம், ஒண்ணும் தெரியாது."

பல் டாக்டர் எழுந்து நின்றாள். "எங்கப்பா என்ன பீரோவா? கட்டி இறக்கறதுக்கு?"

"கட்ட வேண்டாம்மா" என்று தையல்காரி முன்னால் வந்தாள். "காலையில தூக்கிட்டு வந்த மாதிரியே நாங்க போர்வையில வெச்சு மெதுவா இறக்கிடறோம். எல்லாரும் கீழ..."

"வேண்டாம். போர்வையில மூட்டை மாதிரி வேண்டாம்."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா, கீழ எல்லாரும்..."

"அம்மா, நீங்க இவ்வளவு செஞ்சதே பெரிசு. தயவுசெஞ்சு கொஞ்சம் விடுங்க. எங்கப்பாவை நான் பார்த்துக்கறேன்."

அந்தக் குரலுக்குக் கிளினிக்கில் மறுபேச்சுக் கிடையாது. தையல்காரி கட்டிலருகே போய் அப்பாவின் சட்டைக் காலரை ஒரு தடவை நேராக்கினாள். பிறகு, "நான் கீழ இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் சுழன்று சுழன்று தேய்ந்தது.

மேனேஜர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பெயர் பொறித்த வில்லை. துக்கம் விசாரித்தார், லிஃப்ட் ஐயா மாதிரி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது என்றார். உண்மையாகவே சொன்னார். ஆனால் முன்படி என்றதும் முகம் மாறியது.

"அஞ்சு மணிக்குப் பார்வையாளர் எல்லாம் போயிடுவாங்க மேடம். அதுக்கப்புறம் தாராளமா."

"இப்போ பன்னெண்டரை. அஞ்சு மணி வரைக்கும் எங்கப்பா இங்க காத்திருக்கணுமா? யாருக்காக?"

"கீழ எம்பது பேர் இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க எல்லாம் இருக்கு. ஒப்பந்தத்துலயே பதினேழாவது நிபந்தனை..."

"பதினேழாவது நிபந்தனையைத் தூக்கிக் குப்பையில போடுங்க! பதினாலு மாசம் அந்தக் கிணத்துப் படியில ஏறி இறங்கியே செத்துப் போனார் மனுஷன். நான்தான் அவரை இங்க தள்ளி விட்டேன். வரும்போதுதான் பின்வாசல். போகும்போதாவது முன்வாசல் வழியா போகட்டும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. உங்களுக்குக் கை எடுத்துக் கும்பிடறேன்."

அவள் நிஜமாகவே கும்பிட்டாள். அது அவளுக்கே புதிது. மேனேஜர் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்.

"நானும் மனுஷன்தான் மேடம்" என்றார். "பத்து நிமிஷம் கொடுங்க."

பத்து நிமிஷத்தில் என்னென்னவோ செய்தார். பார்வையாளர் மொத்தப் பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். வழிகாட்டியிடம், பீங்கான் தட்டுகளைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் சொல் என்றார். முன்படியின் கம்பளத்துக்கு மேலே நீளமாக ஒரு துணி விரித்தார். பிறகு மாடியில், பின்கட்டையும் முன்கட்டையும் பிரிக்கும் கூடத்துக் கதவின் பூட்டைத் திறந்தார்.

அப்பாவை முன்படியில் இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் எங்கேயும் இடிக்கவில்லை. அதைப்போல இன்னும் இரண்டு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். மேனேஜர் கைப்பிடியின் மெருகு போகாமல் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் இறங்கினார். பல் டாக்டர் தலைமாட்டில் வந்தாள். சுவரில் இருந்த பழைய படங்களில் யார் யாரோ பட்டுடையில் நின்று அவளைப் பார்த்தார்கள். கூடத்தில் ஓர் ஆள் இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் வழிகாட்டியின் குரல் மட்டும், தட்டின் விளிம்பில் இருக்கும் தங்கக் கோட்டைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் கதவு கொஞ்சம் திறந்து ஒரு முகம் எட்டிப் பார்த்துச் சட்டென்று மூடிக்கொண்டது. கவுண்டர்ப் பெண் எழுந்து நின்று சிவப்புக் கயிற்றைக் கழற்றினாள்.

சிங்கங்களுக்கு நடுவே அப்பா வெளியே வந்தார். நல்ல வெயில். தோட்டத்தில் செயற்கை நீரூற்று பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் சுற்றிலும் பார்த்தாள். சபதம் நிறைவேறிவிட்டது. மனம் நிறையும் என்று நினைத்தாள், நிறையவில்லை. பார்க்க ஓர் ஆள்கூட இல்லாத வாசலில் வேறெப்படி நிறையும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. வண்டிக் கதவை மூத்தவர் சாத்தினார்.

"நீங்க கூட ஏறிக்கறீங்களாம்மா?"

"என் கார் பின்னால நிக்குது. நீங்க கிளம்புங்க. நான் பின்னாடியே வந்துடறேன்."

வண்டி சரளைக்கல் பாதையில் போய் இரும்புக் கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறியது. அது மறையும் வரை நின்றுவிட்டு, மேனேஜரிடம் தலையசைத்து விடைபெற்று, வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பெரிய வீடு. சுற்றி வர ஐந்து நிமிஷம் ஆனது. மூலை திரும்பினாள்.

பின்முற்றத்தில் பச்சைக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் ஒன்பது, பத்துப் பேர் இருந்தார்கள். கொடியில் காய்ந்த துணிகளை எல்லாம் எடுத்திருந்தார்கள். சுவரோரம் நின்ற சைக்கிள்களை ஒதுக்கியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை படிகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். சமையல்கட்டு வேலை பார்க்கிற பெண்கள் இருவர் ஏப்ரனை அவிழ்த்துக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். மேளம் வாசிக்கிற ஆள் ஒருவர் வெறுங்கால்களோடு கைகட்டி நின்றார். நடக்க முடியாத ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்து வாசல் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் படியைப் பார்த்தபடி இருந்தது.

தையல்காரிதான் அவளை முதலில் பார்த்தாள். கழுத்தில் டேப் இல்லை, வேறு புடவை கட்டியிருந்தாள்.

"வாங்கம்மா. முன்பக்கமா சுத்திட்டு வர்றீங்களா? கையெழுத்து கியெழுத்து ஏதாவது வாங்கினாங்களா?" என்றாள் தணிந்த குரலில். "இதைத்தான் அப்போ சொல்ல வந்தேன். உங்க ஊர் வரைக்கும் எங்களால வர முடியாது. அதான், படி இறங்கி வரும்போது எல்லாரும் ஒரு தடவை பார்த்து அனுப்பிடலாம்னு. உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

பல் டாக்டர் வாயைத் திறந்தாள்.

"நேரம் ஆகட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் தபால்காரர். "அந்த ரெண்டாவது வளைவு மோசம். பார்த்து மெதுவா இறக்கட்டும்."

"ஆமா, அவசரப்படுத்தாதீங்க" என்றார் நாற்காலியில் இருந்த தாத்தா.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்கள். தையல்காரி தன் முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பல் டாக்டர் காரைப் பார்த்தாள், கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். எல்லாரும் மறுபடி படியின் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.